முதலில் இடத்தைக் காட்டுங்கள்

காலையில் மாரண்டஹள்ளி கடைவீதி. தேங்காய் லோடு ஏற்றும் மினி லாரி, பக்கத்தில் ரெண்டு வரிசையாக பைக், எதிரே பஸ். ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஸ்கூல் பையோடு ஒரு பிள்ளை சாக்கடை மூடியின் மேலேயே நடந்து போகிறது. பார்க்கவே பதறுகிறது.

"ஃபைன் போடுங்க" என்கிறோம். போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, ஆபத்தாக, இடைஞ்சலாக வண்டி நிறுத்துவதை 122-வது பிரிவில் தடுக்கிறது. பொது அபராதம் முதல் தடவை ரூ.500 வரை, மறுபடி மாட்டினால் ரூ.1,500 வரை.

அதே சட்டத்தின் 117-வது பிரிவைத்தான் யாரும் பேசுவதில்லை. எங்கே, எவ்வளவு நேரம் வண்டி நிற்கலாம் என்பதை உள்ளாட்சியைக் கலந்துகொண்டு தீர்மானிக்க அது வழி வைத்திருக்கிறது. நம் ஊருக்குத் தேவை இதுதான். லோடு ஏற்றி இறக்க விடியற்காலை நேரம், பைக்குக்கு ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு, பஸ் திரும்பும் இடத்தில் எதுவும் நிற்கக் கூடாது. பெரிய செலவே இல்லை.

தக்காளிக் கூடையோடு கிராமத்திலிருந்து வருகிறவருக்கு இடத்தைக் காட்டாமல் ரசீதை நீட்டுவது நியாயமே இல்லை. கோடு போட்ட மறுநாளிலிருந்து கறாராக இருக்கட்டும், யார் வண்டியாக இருந்தாலும். கடைக்கார அண்ணன்களும் வாசலில் ஸ்டூல் போட்டு ரோட்டைப் பிடித்து வைப்பதை அன்றைக்கே விட்டுவிட வேண்டும்.