ஏறிய கியரில் இறங்குதல்

காரோட்டப் பழகுகின்றவர்கள் முதலிற் கேட்பது, எந்த வேகத்தில் எந்தக் கியரைப் போடவேண்டும் என்பதாகும். சமவெளியில் இதற்கு எண்களால் விடை கூறிவிடலாம். மலைநாட்டில் அது போதாது. இங்கே பாதையின் சரிவைப் பார்க்கவேண்டும். இயந்திரத்தின் குரலைக் கேட்கவேண்டும். பின்னால் அமர்ந்திருப்பவர் யார் என்பதையும் மறவாதிருக்கவேண்டும். இதனை எனக்குக் கற்பித்தவர் என் தாய்மாமன். ரம்பொடைப் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டியவர் அவர்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஓர் இரவு அம்மாவுக்குப் பொறுக்கமுடியாத வயிற்றுவலி. அக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் அம்புலன்ஸ் கிடையாது. நோயாளருக்குக் கொழுந்து லொறியே கதி. சாக்குகளை அடுக்கி, அதன்மேல் கம்பளி விரித்து அம்மாவைக் கிடத்தினார்கள். நான் தலைமாட்டில் அமர்ந்தேன். நுவரெலியா ஆஸ்பத்திரி வரையில் ஏற்றமும் வளைவுமே. வழிநெடுக லாந்தர் வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழிகளில் சில்லு இறங்கியபோதெல்லாம் அம்முகம் சுருங்கிற்று. ஆனால், மாமா கியர் மாற்றிய இடங்களில் ஒருமுறையேனும் சுருங்கவில்லை. பிழைத்து வீடு திரும்பிய பின்னர் அம்மா சொன்னார்: “ஒங்க மாமா கியரு மாத்துனதே எனக்குத் தெரியல.”

1982ஆம் ஆண்டில், மாமா வாடகைக்கு ஓட்டிவந்த பழைய மொரிஸ் மைனர் காரில் எனக்குப் பாடம் தொடங்கிற்று. முதல் நாள் அவர் காரை நகர்த்தவே விடவில்லை. கிளச் மிதியை மெல்ல விடுவித்து, இயந்திரத்தின் ஒலி சற்றே தாழும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவ்விடத்திலேதான் இயந்திரமும் சில்லும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஏற்றத்தில் நிற்கும் காரைக் கிளப்பும்போது, இந்தப் பிடிப்பை உணர்ந்த பின்னரே கைப்பிரேக்கைத் தளர்த்தவேண்டும். இல்லையேல் கார் பின்னோக்கி வழுகும்.

கியர் மாற்றத்தின் இரகசியம் உண்மையில் எளியது. சிறிய கியரில், சில்லு ஒருமுறை சுழல்வதற்கு இயந்திரம் பலமுறை சுழல்கிறது. பெரிய கியரில் அதனிலும் குறைவாகச் சுழல்கிறது. ஆகவே மேற்கியருக்கு மாறும்போது இயந்திரத்தின் வேகம் தணிய ஒரு கணம் இடங்கொடுக்கவேண்டும். கீழ்க்கியருக்கு மாறும்போது, கிளச்சை விடுவிக்குமுன் ஆக்சிலேட்டரைச் சிறிது தொட்டு அவ்வேகத்தை உயர்த்தவேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் கியர் மாறியதை எவரும் அறியார். ஒவ்வாதபோதுதான் கார் உதறுகிறது.

பல்லிணைகளின் வேகத்தைத் தானே ஒத்துவரச்செய்யும் பொறியமைப்பு 1928இல் கடிலாக் கார்களிலே முதன்முதல் வந்தது. மொரிஸ் மைனரின் மற்றைய கியர்களுக்கு அது உண்டு. முதலாம் கியருக்கு இல்லை. ஓடிக்கொண்டிருக்கையில் அக்கியரைப் போட, கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு ஆக்சிலேட்டரைத் தொட்டு, மீண்டும் கிளச்சை மிதிக்கவேண்டும். எத்தனையோ முறை நான் பல்லைக் கடிக்க வைத்தேன். மாமா கோபித்துக்கொண்டதில்லை. “காதக் குடு மாப்புள” என்பார். இயந்திரம் முக்கினால் கீழே மாற்று, அலறினால் மேலே மாற்று என்பது அவர் இலக்கணம். கொண்டையூசி வளைவுக்கு முன்னரே கியரைக் குறைத்துவிட வேண்டும் என்பதும் அதில் அடங்கும். செங்குத்தான ஏற்றத்தில் கிளச்சை மிதித்த கணத்திலேயே கார் வேகத்தை இழந்துவிடும். வளைவின் நடுவில் கியரைத் தேடுபவன் அங்கேயே நின்றுவிடுவான்.

ஏறக் கற்றுக்கொண்டதும் எனக்குச் செருக்கு வந்தது. ஒருநாள் நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு இறங்குகையில், பெற்றோல் மிச்சமாகட்டும் என்றெண்ணி நியூட்ரலில் விட்டேன். மாமா பக்கத்தில் கண்ணயர்ந்திருந்தார். சில மைல்களில் கருகல் மணம் எழுந்தது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிற்று. காரோ வேகம் தணியவில்லை. விழித்துக்கொண்ட மாமா சத்தமிடவில்லை. “மூணுல போடு. இப்ப ரெண்டுல போடு” என்றார். நடுங்கும் கையால் போட்டேன். இயந்திரம் உறுமிக் காரைப் பின்னிழுத்துப் பிடித்தது. பாதையோரத்தில் நிறுத்தியபோது, எதிர் வளைவில் கொழுந்துக் கூடைகளுடன் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தனர். அவர்களைக் கண்டதும் என் கால்கள் தளர்ந்தன. மாமா சொன்னது ஒன்றே: “ஏறுன கியர்லதான் எறங்கணும்.”

இதன் காரணத்தை நான் பிற்பாடே கணக்கிட்டுப் பார்த்தேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. பேராதனை ஏறத்தாழ 500 மீற்றர். ஒரு தொன் எடையுள்ள கார் இவ்வுயரத்தை இறங்கும்போது வெளியிடும் சக்தி, ஏறக்குறைய 40 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதனைப் பிரேக் மட்டுமே தாங்குமானால், உருளை சூடேறி விரிந்து கட்டைகளை விட்டு விலகும்; மிதி ஆழமாகும்; பிடிப்புக் குறையும். சிறிய கியரில் இறங்கினால், ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்த இயந்திரமே அச்சுமையிற் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கிறது. நியூட்ரலில் விடுவதும், கிளச்சை மிதித்தபடி இறங்குவதும் அந்தத் துணையை அறுத்தெறிவதற்கு ஒப்பாகும். கியரைக் குறைக்கவேண்டிய இடமும் சரிவின் தலைப்பேயன்றி அதன் நடுவன்று.

2023 சனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதல்லைப் பாதையில் பஸ்ஸொன்று வானொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் ஏழுபேர் உயிரிழந்தனர். அதன் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் பணியன்று. ஆயினும் அச்செய்தியைக் கேட்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. கூடைகளுடன் நின்ற அப்பெண்களே கண்முன் வந்தனர். மலைப்பாதையில் ஒருவருடைய கவனம், அவர் முகமறியாத பலருடைய உயிராக இருக்கிறது.

மாமா இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. அண்மையில் என் மகள் காரோட்டப் பழகினாள். தானியங்கிக் கியர்க் கார்கள் பெருகிவிட்ட இந்நாளில் இது எதற்கென்று அவள் கேட்டாள். அக்கார்களிலும் இறக்கத்திற்கெனத் தாழ்ந்த கியர் நிலை உண்டென்று காட்டினேன். பின்னர் அவளுடைய பாட்டியைக் கிடத்திக்கொண்டுபோன அந்த இரவைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இறக்கத்தின் தலைப்பில், நான் சொல்லாமலே, இரண்டாம் கியருக்கு மாற்றினாள். கியர் மாறியது எனக்குத் தெரியவில்லை.