நோட்டில் எழுதிய பயங்கள்

2022ஆம் வருஷம் அம்மா போன பிறகு எனக்கு வந்தது வெறும் துக்கம் இல்லை. நாலு மாதமாகியும் சோறு இறங்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, பேச்சும் நின்றுபோனது. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. "ஈ.ஸி.டி. கொடுத்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. ஷாக் ட்ரீட்மெண்ட்! எனக்குக் கை நடுங்கியது.

காரணம் உண்டு. நான் ஆறாவது படிக்கையில் எங்கள் தெரு அக்கா ஒருத்திக்குக் கரண்ட் வைத்தார்கள். முதுகு வலியில் நிமிர முடியாமல் திரும்பி வந்தாள். போதாததற்கு என் நாத்தனார், "பிள்ளைங்க பேரே மறந்துடுமாம் அண்ணி" என்று வேறு சொல்லிவிட்டாள்.

என் கணவர்தான், "பயப்படறதையெல்லாம் எழுது, அவங்களையே கேட்போம்" என்றார். பையனின் ரஃப் நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து இல்லாமலே பல இடங்களில் வைப்பார்களாம். வலிப்பின் வேகத்தில் எலும்புகூட முறிவதுண்டாம். இப்போது மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் செய்யக் கூடாதென்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. "பிள்ளைகளை மறந்துடுவேனா?" என்றதற்கு, "மாட்டீங்க. ஆனா இந்தச் சில வாரத்துல நடந்தது சிலது மறக்கலாம், சிலது திரும்பி வராமலும் போகலாம்" என்றார். ஒன்றுமே ஆகாது என்று மழுப்பியிருந்தால் நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்.

முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். (எண்ணெய் இல்லாத தலையோடு நான் வாசல்படி தாண்டியதே இல்லை!) தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னபோதுதான் உடைந்துபோனேன். மாமியாரே மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டி, "இது போதும்மா, தைரியமா போ" என்றார்.

கையில் ஊசி போட்டது தெரியும். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைவலியும் தாடை வலியும் இருந்தன. இன்று என்ன கிழமை என்று மூன்று தரம் கேட்டேனாம்.

வாரத்துக்கு இரண்டாக எட்டு முறை. ஐந்தாவது முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, "ரசத்தில புளி தூக்கல்" என்றேனாம். மாதக்கணக்கில் ருசியே தெரியாதிருந்தவள்! சமைத்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரங்களில்தான் சின்னவள் பள்ளி ஆண்டு விழாவில் கோலாட்டம் ஆடினாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேனாம். போட்டோகூட இருக்கிறது. எனக்குத் துளியும் நினைவில்லை. அதைப் பார்க்கும்போது இன்றும் நெஞ்சை அடைக்கிறது. போன மாதம் மாத்திரை வாங்கப் போய் வந்த சாயங்காலம், அவளிடம் இதைச் சொன்னேன். அடுப்படியிலிருந்து இரண்டு கரண்டியை எடுத்து வந்து கூடத்தில் ஆடிக் காட்டினாள். பாதியில் அவளுக்கே அடவு மறந்துவிட்டது.