ஆனைக்குட்டத்து நீரும் ரப்பர்த் தவளையும்



விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்வோரின் கண்களில் முதலில் படுபவை கரிசல் காடுகளும், வெட்டவெளியில் தள்ளித்தள்ளி நிற்கும் பட்டாசு ஆலைகளின் சிறு கட்டடங்களுமே. வானம் பார்த்த இப்பூமியில், வைப்பாற்றின் துணையாறான அர்ஜுனா நதியை மறித்து நிற்கிறது ஆனைக்குட்டம் அணை. விருதுநகர் மக்களின் தாகம் தீர்க்கும் நீர்நிலைகளுள் இதுவும் ஒன்று. வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும் ஆண்டுகளில் இங்கு நீரைக் காண்பதே அல்லாஹ்வின் அருட்கொடையைக் கண்ணாரக் காண்பதாகும்.

நீர் இருக்குமிடத்தில் தூண்டிலும் இருக்கும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மண்புழுவும் மாவுருண்டையும் போதும். விராலின் கதை வேறு. அது பாசிக்கும் கோரைக்கும் இடையே பதுங்கியிருந்து, அசையும் இரையைப் பாய்ந்து கவ்வும் மீன். ஆகவே அதற்கு உயிருள்ள தவளையை முள்ளில் குத்தி விடுவது நம் நாட்டுப்புறத்து வழக்கம். முஸ்லிம் இல்லத்து இளைஞர் ஒரு கணம் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

நீர்வேட்டை நமக்கு ஆகுமானது என்பதைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 96ஆம் வசனம் அறிவிக்கிறது. ஆனால், மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்துவது குறித்து ஒரு மருத்துவர் வினவியபோது, அதனைக் கொல்ல வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. மருந்துக்கே விலக்கப்பட்டதைப் பொழுதுபோக்குக்காகக் குத்திக் கொல்வது தகுமா? பயிரை அழிக்கும் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் உயிர் என்பதால், தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசும் 1987ஆம் ஆண்டு தடை செய்தது.

மாற்று வழி உண்டு. அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்னும் மீனைப் பிடிப்போர், முள்ளின் தலையில் ஈயம் வார்த்து, ரப்பர் இழைகளைக் குஞ்சம்போல் கட்டிய 'ஜிக்' என்னும் பொய்யிரையைப் பயன்படுத்துகின்றனர். ஆழங்குறைந்த நீருக்கு 7 கிராம், ஆழமான நீருக்கு 14 கிராம் என எடையைத் தேர்கின்றனர். தெளிந்த நீரில் பச்சையும் பழுப்பும், கலங்கிய நீரில் கருநிறமும் ஏற்றவை. பாசி மண்டிய கரையோரத்துக்கோ, மிதக்கும் ரப்பர்த் தவளையே பொருத்தம். அதன் இரு முட்களும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசியில் சிக்குவதில்லை. விரால் கவ்வியதும் உள்ளீடற்ற உடல் அமுங்க, முள் வெளிப்படும். மீன் வாய்க்குள் வாங்கிக்கொள்ள ஓரிரு நொடி பொறுத்துக் கோலைச் சுண்டுதல் வேண்டும். பொறுமையற்றவருக்கு விரால் இல்லை!

இன்னும் சில ஒழுங்குகள். நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதுண்டு. உரியவரிடம் அனுமதி பெற்ற பின்னரே தூண்டில் வீசுங்கள். ஈயம் நஞ்சாதலால் அதனைக் குழந்தைகளின் கையில் தராதீர்கள். தொட்டால் கைகளைக் கழுவுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள். பறவைகளின் கால்கள் அதில் மாட்டிக்கொள்ளும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழும்பி மூச்சு வாங்குவதைக் கண்டால், அடியில் பெற்றோர் விரால் காவல் நிற்கிறதென்று அறியுங்கள். குஞ்சுகளைக் காக்கும் சீற்றத்தில் அது எந்த இரையையும் தாக்கும், எளிதில் அகப்படும். அதைப் பிடித்துவிட்டால் காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். அவ்விடத்தை விட்டு விலகுவதே பண்பு.

மீன் ஹலாலாக இருப்பதுபோல் அதை அடையும் வழியும் இரக்கமுடையதாக இருக்க வேண்டாமா? மழைக்காலம் கழிந்து ஆனைக்குட்டம் நிறைந்திருக்கும் ஒரு விடுமுறை நாளில், இன்ஷா அல்லாஹ், உங்கள் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கரையில் கத்தும் தவளையை அதன் போக்கில் விட்டுவிடும் பழக்கம் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.