சிலந்திக்கு எதுக்கு மெழுகுவத்தி?

எங்கள் வீட்டுக்கு 'ஸாமி' வந்தது 2023 டிசம்பரில். எந்தச் சாமி என்று அவசரப்பட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா அப்படித்தான் போட்டுக்கொண்டார். ஸாமி என்பது ஒரு குட்டிச் சிலந்தி. என் அஞ்சு வயசு மகள் நூலகத்திலிருந்து தூக்கிவந்த படப் புத்தகத்தின் கதாநாயகன்.

"சிலந்திக்குப் போய் சாமின்னு பேரா? விளங்கிடும்!" என்றார் அப்பா.

நான் நியூ ஜெர்ஸியில் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைப்பவன். டிசம்பர் வந்தால் எங்கள் பேட்டை நூலகத்தில் குழந்தைகளுக்கென்று பண்டிகைப் புத்தகங்களைத் தனியாக அடுக்கிவிடுவார்கள். நாங்கள் வழக்கம்போல லேட். கிறிஸ்துமஸ் தாத்தாக்களை எல்லாம் மற்ற பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஹனுக்கா.

ஹனுக்கா என்றால் யூதர்களின் விளக்குப் பண்டிகை. ரெண்டாயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். ஜெருசலேம் கோயிலை எதிரிகளிடமிருந்து மீட்டபோது விளக்கேற்ற ஒரு நாளைக்கான எண்ணெய்தான் இருந்ததாம். அது எட்டு நாள் எரிந்ததாம். அதனால் எட்டு ராத்திரி, தினம் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றுகிறார்கள். எண்ணெய்தான் விசேஷம் என்பதால் பலகாரமும் எண்ணெயில் பொரித்ததுதான். உருளைக்கிழங்கில் ஒரு அடை, ஜாம் வைத்த ஒரு போண்டா. கொலஸ்ட்ரால் ஏறினாலும் புண்ணியக் கணக்கில் சேர்ந்துவிடும்!

"நம்ம கார்த்திகைதான்டா" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஸாமிக்கு வருவோம். ஸில்வியா ரௌஸ் என்ற அம்மணி எழுதி 1993-ல் வந்த புத்தகம். ஷாபிரோ என்ற யூதக் குடும்பத்தின் வீட்டில் ஸாமியும் அதன் அம்மாவும் குடியிருப்பு. கீழே அந்த வீட்டுப் பையன் மெழுகுவத்தி ஏற்றுகிறான், பரிசு வாங்குகிறான். ஸாமிக்கும் ஆசை. அதெல்லாம் மனுஷங்க சங்கதி, நமக்கு வலைதான் என்று அம்மாச் சிலந்தி ஒவ்வொரு தடவையும் அடக்கிவிடுகிறது. புத்தகம் அமோகமாக ஓடி, பஸ்கா, சபாத் என்று ஒவ்வொன்றுக்கும் ஸாமி வந்துவிட்டது. எல்லாவற்றிலும் அதற்கு ஆசை, எல்லாவற்றிலும் தடா.

ரெண்டாம் தடவை படித்து முடித்ததும் மகள் எதிர் பில்டிங் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே நாலு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா, நம்ம வீட்ல?"

"நாமெல்லாம் அது ஏத்தறதில்லை கண்ணு."

"அப்ப நாம ஸ்பைடரா?"

ஆபீஸில் எப்பேர்ப்பட்ட மேனேஜர் கேள்விக்கும் 'வில் கெட் பேக் டு யூ' என்று சமாளிக்கிற எனக்கு வாய் அடைத்துவிட்டது.

மறுநாள் என் டீமில் இருக்கும் யூத நண்பரிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பிள்ளைகளுக்கு மாசா மாசம் தபாலில் இந்த மாதிரிப் புத்தகம் இலவசமாக வருகிறதாம். பி.ஜே. லைப்ரரி என்று பெயர். பி.ஜே. என்றால் பைஜாமா, அதாவது படுக்கப்போகும் நேரத்துப் புத்தகம். ஹெரால்ட் கிரின்ஸ்பூன் என்ற பணக்காரர் 2005-ல் மாஸசூஸெட்ஸில் ஆரம்பித்தது. எனக்கு மாசா மாசம் தபாலில் வருவது கிரெடிட் கார்டு பில் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை அதே அலமாரிக்குப் போனோம். அப்போது சிக்கிய புத்தகம் என் குடும்ப அமைதிக்கே உலை வைத்தது. மார்காட் ஸெமாக் 1976-ல் எழுதி வரைந்தது; யூதர்களின் பழைய நாட்டுக்கதை. ஒரு ஏழை. ஒரே அறை குடிசை. அதில் அம்மா, மனைவி, ஆறு பிள்ளைகள். சண்டை தாங்கமுடியாமல் ரப்பியிடம், அதாவது அவர்கள் குருவிடம், ஓடுகிறான். கோழிகளை வீட்டுக்குள் விடு என்கிறார். விடுகிறான். நிலைமை மோசம். ஆட்டையும் விடு என்கிறார். கடைசியில் மாடு! பைத்தியம் பிடிக்கிற கட்டத்தில், எல்லாவற்றையும் வெளியே விரட்டு என்கிறார். விரட்டினால், அதே குடிசை சொர்க்கமாக இருக்கிறது.

எங்கள் ஃப்ளாட் ஒரு பெட்ரூம். பாத்ரூமும் ஒன்று. ஆறு மாச விசாவில் அப்பா, அம்மா. இந்தக் கதையை என் மனைவி மகளுக்குப் படித்துக்காட்டிய குரல் ஹாலைத் தாண்டி பார்க்கிங் வரை கேட்டிருக்கும்.

"ஏங்க, அந்த ரப்பி போன் நம்பர் கிடைக்குமா?"

"எதுக்கு? உன் தம்பியை ஒரு வாரம் வரச்சொன்னாப் போதும். மாடு வந்த மாதிரி இருக்கும்" என்றேன்.

அன்று ராத்திரி எனக்கு டிபன் கிடையாது. கல்யாணமாகாத வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

மூன்றாவது புத்தகத்தை நான்தான் எடுத்தேன், அட்டையில் ஆடு இருந்ததால். 'ஸ்லாட்டே என்ற ஆடு'. படம் கம்மி, எழுத்து ஜாஸ்தி. எழுதியவர் ஐஸக் பஷெவிஸ் ஸிங்கர். போலந்தில் பிறந்து 1935-ல் அமெரிக்கா வந்து, கடைசி வரை இட்டிஷ் மொழியிலேயே எழுதி, 1978-ல் நோபல் வாங்கியவர். 1966-ல் வந்த புத்தகம். படம் போட்ட மாரிஸ் ஸெண்டாக், தன் பெற்றோரின் பழைய ஆல்பத்திலிருந்து சொந்தக்காரர்களின் முகங்களை எடுத்து இதில் வரைந்தாராம். பார்த்ததும் அவர்கள் அழுதுவிட்டார்களாம்.

மகள் என் மடியில். அப்பா சோபாவில். அவருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஹனுக்கா நெருங்குகிறது. ரூவன் என்பவருக்குத் தோல் உடுப்பு வியாபாரம். அந்த வருஷம் பனியே இல்லாததால் வியாபாரம் படுத்துவிட்டது. கையில் காசில்லை. ஸ்லாட்டேவுக்கும் வயசாகிப் பால் குறைந்துவிட்டது. கசாப்புக்காரன் எட்டு காசு தருகிறேன் என்கிறான். பன்னிரண்டு வயசுப் பையன் ஆரன், கயிற்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போகிறான். வீட்டுப் பெண்கள் அழுகிறார்கள்.

"எங்கே போகுதுன்னு அதுக்குத் தெரியாதுல்ல?" என்றார் அப்பா.

"தெரியாதுப்பா."

"தெரியாது. அது பாட்டுக்கு வரும்."

வழியில் பனிப்புயல். வைக்கோல் போருக்குள் பையனும் ஆடும் மூன்று நாள். ஆடு வைக்கோலைத் தின்றது. பையன் ஆட்டின் பாலைக் குடித்தான். ஒருத்தர் சூட்டில் ஒருத்தர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அப்புறம் அதை விற்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பனியும் வந்துவிட்டதால் வியாபாரமும் வந்தது.

மகள் கை தட்டினாள். அப்பா தட்டவில்லை.

"நம்ம லட்சுமியை நான் மணப்பாறை சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போனப்ப, மழைகூட வரலை" என்றார்.

எங்கள் வீட்டுப் பசு லட்சுமி. நான் 2001-ல் இன்ஜினீயரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன சமயம், தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

"வித்துட்டீங்களா?"

"ஏழாயிரத்து ஐநூறு. உன் ஹாஸ்டல் ஃபீஸுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. அதை உன் மாமன் குடுத்தான். அதான் மாமன் வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டோம். பாதிப் பொய்தான்."

எனக்கு ஞாபகம் வந்தது வேறு விஷயம். அந்த வருஷப் பொங்கலுக்கு லீவில் போனவன், பாக்கெட் பாலில் போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா? லட்சுமியை ஏன் அனுப்பினீங்க?" என்று டம்ளரை நங்கென்று வைத்தேன். அப்பா திண்ணையில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"தாத்தா, லட்சுமி திரும்பி வந்துச்சா?" என்றாள் மகள்.

அப்பா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இல்ல கண்ணு. அந்த ஆடு வந்துச்சுல்ல, அதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லு உங்கப்பனை."

படித்தேன். குரல் ஒரு மாதிரி இருந்ததற்கு ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன். டிசம்பரில் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

அந்தப் புத்தகத்தை மூன்று தடவை ரென்யூ செய்தோம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அப்பா, தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டுச் சித்திரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். புறப்படும் நாள் ஏர்போர்ட்டில் பெட்டியை எடைபோடுகிற வரிசையில் நின்றபோது, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"அந்த ஆட்டுப் புத்தகம் விலைக்குக் கிடைக்குமாடா?"

அம்மாவின் ஊறுகாய் பாட்டில் இருந்த இடத்தில் நான் ஏற்கெனவே ஒன்றை வைத்திருந்தேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.