பிரித்துப் பின்னிய பரிசுகள்

மாணவ நண்பர்களே, ‘நான் கொடுக்க விரும்பும் நத்தார்ப் பரிசு’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுமாறு உங்களைக் கேட்டால் என்ன எழுதுவீர்கள்? பலரும் கைக்கடிகாரம், பேனா, புத்தகம் என்றே எழுதுவர். அவற்றில் குறையேதுமில்லை. ஆயினும் அவை யாவும் கடையிலே காத்திருப்பவை. கையில் பணம் இருந்தால் டிசெம்பர் 24ஆம் திகதி மாலையிற்கூட வாங்கிவிடலாம். கையால் பின்னும் பரிசு அப்படிப்பட்டதன்று. அதற்கு முதலில் நூல் வேண்டும். பிறகு நாட்கள் வேண்டும். இவ்விரண்டையும் தேடப்போய் எங்கள் வீட்டில் ஒரு நத்தார்க் காலத்தில் பெரிய மனத்தாங்கலே உண்டாயிற்று. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு நுவரெலியாவுக்கு அண்மையில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளதை நீங்கள் புவியியற் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த எண்ணின் பொருள் டிசெம்பர் விடியற்காலையில், குழாய்த் தண்ணீரில் முகம் கழுவும்போதுதான் விளங்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாட்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போவதும் உண்டு. ஆகவே எங்கள் ஊரில் கம்பளித் தொப்பி அலங்காரப் பொருளன்று. குடையைப் போல, செருப்பைப் போல அன்றாடத் தேவை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கம்பளி என்றதும் சிரிப்பு வரக்கூடும். உங்களுக்குப் பருத்தி நூல் இருக்கிறது. ஊசியும் பின்னும் முறையும் ஒன்றே.

எனக்குப் பின்னல் கற்றுத்தந்தவர் அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய 2003ஆம் ஆண்டில் அப்பரீட்சை டிசெம்பர் மாதத்திலேயே நடைபெற்றது. 2020ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை பெருந்தொற்றுக் காரணமாக 2021 மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனதிலிருந்து அந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. எங்கள் காலத்திலோ கடைசி வினாத்தாளைக் கையளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நத்தாருக்குச் சில நாட்களே எஞ்சியிருக்கும். “சும்மாதானே இருக்க, இதப் புடி” என்று அத்தை இரண்டு ஊசிகளை என் கையில் தந்தார்.

பின்னலில் அடிப்படையாக அறிய வேண்டியவை இரண்டே கண்ணிகள். ஊசியை முன்னாலிருந்து பின்னால் செலுத்தி நூலை இழுத்தால் ‘பிளேன்’. பின்னாலிருந்து முன்னால் செலுத்தி இழுத்தால் ‘பர்ள்’. நீங்கள் காணும் பூவேலை, முறுக்குவேலை எல்லாவற்றுக்கும் இவையே அடித்தளம். இரண்டு பிளேன், இரண்டு பர்ள் என மாறிமாறிப் பின்னினால் துணி இறப்பர்போல இழுபடும். தொப்பியின் விளிம்பு தலையைப் பற்றிக்கொள்வது அதனாலேதான். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நெய்த துணியில் நெடுக்கும் குறுக்குமாகப் பல இழைகள் ஓடுகின்றன. கையாற் பின்னிய துணியிலோ ஒரே நூல்தான் வளைந்து வளைந்து செல்கிறது. எனவே கடைசிக் கண்ணியை அவிழ்த்து இழுத்தால் எல்லாம் மீண்டும் நூலாகிவிடும். எங்கள் வீட்டு மனத்தாங்கலுக்கு இந்தப் பண்பே காரணம்.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் வரிசை, மின்வெட்டு, பால்மாத் தட்டுப்பாடு என்று அவ்வாண்டு கழிந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. கார்த்திகை மாத இறுதியில் நத்தார்ப் பரிசுக்காக நூல் வாங்கச் சென்ற நான், விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் பஸ் ஏறினேன். நுவரெலியாப் பேல் பசாரில் ஆயத்தத் தொப்பிகள் தொங்கின. ஏழு பேருக்கு ஏழு வாங்கினால் அந்த மாதத்துக்கு அரிசி வாங்க முடியாது.

அன்றிரவு அத்தைதான் அந்தப் பேச்சை எடுத்தார். “அம்மாவோட சுவெற்றர் இருக்கே.”

அப்பாயி 2021இல் காலமானார். 1994ஆம் ஆண்டு நத்தாருக்கு அத்தை தமது முதற் சம்பளத்தில் நூல் வாங்கி, தாமே பின்னிக் கொடுத்த சுவெற்றர் அது. கருஞ்சிவப்பு நிறம், ஆறு பொத்தான்கள். கொழுந்து பறிக்கப் போன காலத்தில் காலையிலே அதை அணிந்து, வெயில் ஏறியதும் கழற்றி இடுப்பிலே கட்டிக்கொள்வார். ஓய்வு பெற்றபின் அடுப்படியிலேயே அதனுடன் உட்கார்ந்திருப்பார். அவர் போனபின் அம்மா அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

“அது அம்மா போட்டிருந்தது. அப்படியே இருக்கட்டும்” என்றார் அப்பா.

“பெட்டியில கெடந்தா பூச்சிதான் திங்கும் அண்ணே. நான் பின்னுனது, நானே பிரிக்கிறேன்” என்றார் அத்தை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கம்பளி என்பது ஆட்டின் உரோமம். நமது தலைமுடியைப் போலவே கெரற்றின் என்னும் புரதத்தாலானது. துணிப்பூச்சியின் புழுக்கள் அதை உண்டு வாழ்பவை. இடப்புறத் தோளில் ஏற்கெனவே சிறு துளையொன்று விழுந்திருந்தது. அப்பாவின் வாதமும் வெறும் பிடிவாதமன்று. அந்தச் சுவெற்றரில் விறகுப் புகையும் நீலகிரித் தைலமும் கலந்த ஒரு மணம் இருந்தது. அப்பாயியின் புகைப்படம் எங்களிடம் மூன்று இருக்கிறது. அவரது மணம் அந்த ஒன்றில்தான் இருந்தது. நூலாக்கினால் கழுவ வேண்டும். கழுவினால் அது போய்விடும். இதை அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, சுவெற்றரை எடுத்து முகத்தருகே கொண்டுபோய், திரும்பவும் வைத்ததைக் கண்டுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

மூன்று நாட்கள் அப்பேச்சே எழவில்லை. நான்காம் நாள் மாலை அப்பா சுவெற்றரைக் கொண்டுவந்து அத்தையின் மடியில் போட்டார். “பொத்தான எனக்குக் குடுத்துரு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிரிப்பதற்கு முன் அத்தை செய்த ஒரு சோதனையை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. சிறு நூல் துண்டொன்றைச் சாவணத்தால் பிடித்து நெருப்பில் காட்டினார். உண்மைக் கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வீசும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் நூலானால் உருகி, ஆறியபின் கெட்டியான மணிபோலாகும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். எங்களது உண்மைக் கம்பளியே. அடுத்து பக்கவாட்டுத் தையல்களை அவிழ்த்து முதுகு, முன்பக்கங்கள், கைகள் எனத் தனித்தனியாக்கினோம். பின்னல் எங்கே முடிந்ததோ அங்கிருந்துதான் பிரிக்கத் தொடங்க வேண்டும். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். கடையிலே வாங்கும் சில சுவெற்றர்கள் பெரிய பின்னல் துணியிலிருந்து வெட்டித் தைக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டாக நூல் அறுந்து அறுந்து வரும். கையால் பின்னியதில் அந்தத் தொல்லையில்லை.

அத்தை இழுக்க இழுக்க, அப்பா இரு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார். நூலை அவற்றைச் சுற்றிக் கழியாக்கினேன். 28 ஆண்டுகள் வளைந்தே இருந்த நூல் நேராகுமா? சுருள்சுருளாகத்தான் வந்தது. அதை அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக அமையா. கழியை நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கசக்காமல் பிழிந்து நிழலில் தொங்கவிட வேண்டும். ஈரம் புகுந்ததும் கெரற்றினிலுள்ள ஐதரசன் பிணைப்புகள் தளர்ந்து, உலரும்போது புதிய வடிவில் மீண்டும் இறுகுகின்றன. தலைக்குக் குளித்துவிட்டுப் பின்னலிட்ட கூந்தல் காய்ந்தபின் அலையலையாக நிற்பதும் இதே காரணத்தால்தான். கொதிநீர் கூடவே கூடாது. வெப்பமும் கசக்கலும் சேர்ந்தால் உரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவி நூல் கட்டிபட்டுவிடும்.

அந்த நீர் தேநீர் நிறத்தில் கலங்கியது. அம்மா அதைக் கானில் ஊற்றவில்லை. றோஜாச் செடிக்கு ஊற்றினார்.

முழங்கைப் பகுதி நைந்து அறுந்திருந்தது. முடிச்சுப் போடாமல் இரு முனைகளையும் சற்றுப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நீர் தொட்டு உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்தால் அவை ஒட்டிக்கொள்ளும். சற்று முன்னர் சொன்ன அதே செதில்கள்தான் இங்கே நன்மை செய்கின்றன. எல்லாவற்றையும் உருண்டையாக்கிப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தபோது 410 கிராம் இருந்தது.

இனி நாட்கணக்கு. நத்தாருக்குப் பரிசு பின்ன விரும்பும் எவரும் முதலில் இந்தக் கணக்கைச் செய்ய வேண்டும். ஒரு தொப்பிக்கு 88 கண்ணிகள், 56 வரிசைகள் எனக் கொள்வோம். உச்சியிலே கண்ணிகளைக் குறைப்பதைக் கழிக்காவிட்டால் 4,928 கண்ணிகள். நிமிடத்துக்கு 20 கண்ணிகள் பின்னினால் நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் மூன்று மாலைகள். ஏழு பரிசுகளுக்கு இருபத்தொரு மாலைகள். டிசெம்பர் முதலாம் திகதி தொடங்கினால் தப்பலாம். பாடசாலை ஒளிவிழாவுக்கென்று மூன்று மாலைகள் போனால் 24ஆம் திகதியும் ஊசி கையிலிருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. கையால் செய்த பரிசு செலவில்லாதது என்று சொல்பவர்கள் இந்த மணித்தியாலங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்காகக் கையால் செய்ததெல்லாம் மேலானது என்றும் நான் கூறமாட்டேன். காதுக்குமேல் ஏறிநிற்கும் தொப்பியை அன்பினால் மட்டும் அணிந்திருக்க முடியுமா? அளவெடுங்கள். வியப்பில் ஆழ்த்த விரும்பினால், அவர் உறங்கும்போது ஒரு நூலைத் தலையைச் சுற்றி வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 60 கிராமில் தொப்பி. தம்பியின் பிள்ளைகள் இருவருக்கும் 45 கிராம்படி சிறு தொப்பிகள். அத்தைக்கு 90 கிராமில் கழுத்துச் சால்வை. அதிகாலையில் பாத்திரம் கழுவி விறைத்த கைகளோடு தேநீர்க் குவளையைப் பிடிக்கும் அம்மாவுக்கு, விரல்நுனி மூடாத கையுறை ஒரு சோடி, 45 கிராம். வத்தளையில் வசிக்கும் சித்தப்பாவுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஊர் வெக்கையில் கம்பளியை யார் தலையில் வைப்பார்? 25 கிராமில் மூக்குக்கண்ணாடி உறையொன்று பின்னினேன். யாருக்குக் கொடுக்கிறோம், அவர் எங்கே வாழ்கிறார் என்பதை நூலும் ஊசியும் நமக்காக யோசிப்பதில்லை.

நள்ளிரவுப் பூசைக்கு அப்பா தொப்பியுடன் வந்தார். சித்தப்பா கண்ணாடி உறையை இருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சவர்க்கார மணம்தான் இருந்திருக்கும். அத்தை சால்வையின் ஓரத்தை விரலால் நெருடியபடி, “இந்த எடம் கைமூட்டுல இருந்த நூலு” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கொஞ்சம் வெளிறியிருந்ததால் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

ஆறு பொத்தான்களும் அப்பாவின் சவரப் பெட்டிக்குள் இருக்கின்றன. எஞ்சிய 40 கிராம் நூலைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்தேன். பிள்ளைகளின் தலை வளரும் அல்லவா? 2024ஆம் ஆண்டு நத்தாருக்குச் சற்று முன், தம்பி மகளின் தொப்பியை மேலிருந்து முக்காற்பங்கு பிரித்து, எட்டு வரிசைகள் கூட்டி மீண்டும் முடித்தேன். தகரத்தில் இப்போது கிடப்பது தேசிக்காயளவு உருண்டை. அவளுக்கு இன்னொரு முறை கூட்ட அது போதும். அவளுடைய அண்ணனுக்குப் போதாது.