கூர் மழுங்கிய வேல்

ஆடி மாதத்து மாலை ஒன்றில், வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டில், கணினியின் முன் அமர்ந்திருந்த என் பேரன் என்னை அழைத்தான். அவனுக்குப் பதினான்கு வயது. ஆங்கில மொழிமூலத்தில் கல்வி கற்பவன். “அப்பப்பா, ஒரு வேல் செய்திருக்கிறன். வந்து பாருங்கோ” என்றான். புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே வரும் ஆடிவேல் இரதத்தை முதல் வாரந்தான் பார்த்திருந்தோம். அதன் நினைவில் ஏதோ படம் வரைந்திருப்பான் என்றெண்ணிச் சென்றேன்.

அவன் செய்திருந்தது படமன்று, ஆயுதம். ‘மொரோவிண்ட்’ என்ற பழைய கணினி விளையாட்டு ஒன்றுக்காக அவன் ஆக்கியது. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட விளையாட்டு அது. கைதியாகக் கப்பலில் வந்திறங்கி விடுதலை பெறும் ஒருவன், முன்பின் அறியாத தீவொன்றில் தன் வாழ்வைத் தேடிக்கொள்வதே கதை. அதில் 27 திறன்கள் உள்ளன. ஓடினால் ஓட்டம் வளரும். பேசினால் பேச்சு வளரும். வாளால் வெட்டினால் வாள்வித்தை வளரும். செய்யச் செய்யத்தான் எதுவும் கைவரும் என்ற விதியின் மேல் அந்த உலகம் முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது.

அந்த 27இல் ஈட்டியும் ஒன்று. வாளையும் கோடரியையும் நாடுவோரே மிகுதி என்பதால், ஈட்டி பழகுவது சற்று விநோதமான தெரிவு. அடுத்து 2006இல் வந்த ‘ஒப்லிவியன்’ விளையாட்டில் திறன்கள் 21 ஆகக் குறைந்தபோது ஈட்டி நீங்கிவிட்டது. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ திறன்களை 18 ஆக்கியது. அதிலும் ஈட்டித் திறன் இல்லை. எனவே வேல் பிடிக்க விரும்பியவன் பழைய ஆட்டத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

அந்த ஆட்டத்தின் கணினிப் பதிப்போடு, அதை ஆக்கியோர் பயன்படுத்திய கருவிப் பெட்டியையும் நிறுவனம் இணைத்துக் கொடுத்திருந்தது. அதைத் திறந்து, இருக்கும் ஈட்டி ஒன்றை எடுத்து, அடையாளப் பெயரை மாற்றினால் புதிய பொருள் ஒன்று பிறக்கும். எடை, விலை, வேகம் எல்லாவற்றையும் நாமே எழுதலாம். வேலின் இலை வடிவத்தை உருவாக்க அவனுக்குத் தெரியவில்லை. பழைய ஈட்டியின் உருவமே இருந்தது. பெயர் மட்டும் வேல். அந்த ஆட்டம் தமிழ் எழுத்தை அறியாததால் அப்பெயரையும் ஆங்கில எழுத்திலேயே இட்டிருந்தான்.

வெட்டு, வீச்சு, குத்து என மூவகைத் தாக்குதல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆகக் குறைந்த சேதம் எவ்வளவு, ஆகக் கூடிய சேதம் எவ்வளவு என ஆறு கட்டங்கள். ஆறிலும் ‘1’ என்றே எழுதியிருந்தான்.

“ஏன் தம்பி, உன்ரை வேல் மொட்டையோ?” என்று கேட்டேன்.

“ஓம் அப்பப்பா. கூர் இருந்தால் நண்டு ரெண்டு குத்தில செத்துப்போகும். பிறகு நான் எங்கை பழகிறது?”

அவன் விளக்கியபின் புரிந்தது. அந்த ஆட்டத்தில் திறனை வளர்ப்பது எதிரிக்கு ஏற்படும் சேதமன்று. இலக்கில் பட்ட அடிகளின் எண்ணிக்கை. திறன் குறைந்தவனின் அடிகளிற் பெரும்பாலானவை தவறிவிடும். வலிமையான ஆயுதமென்றால் இரண்டு அடி பட்டதும் எதிரி வீழ்ந்துவிடுவான். பாடமும் அத்துடன் முடிந்துவிடும். மழுங்கிய வேலென்றால் கடற்கரை நண்டு ஒன்றே நெடுநேரம் ஆசானாக நிற்கும்.

அதற்கு முன் அவன் ஒரு மோதிரமும் செய்திருந்தானாம். அணிந்தவுடன் ஈட்டித் திறன் நூறாகிவிடும். எதிர்ப்பட்டோரையெல்லாம் இரண்டு நாள் வீழ்த்தித் திரிந்தான். மூன்றாம் நாள் மோதிரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, அந்த நூறு மறைந்துவிட்டிருந்தது. “எல்லாம் மோதிரத்தின்ரை கெட்டித்தனம், என்ரை இல்லை” என்றான்.

எனக்குக் கொட்டாஞ்சேனை நினைவு வந்தது. களனி ஆற்றின் முகத்துவாரத்துக் காற்று இரவில் எட்டும் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, பத்திரிகைக்கு எழுதும் கனவோடு வேலைக்குச் சேர்ந்த காலம். ஆசிரியர் என்னை ஒப்புநோக்கும் பகுதிக்கு அனுப்பி, மரண அறிவித்தல்களைக் கையில் தந்தார். எழுத வந்தவனுக்கு இதுவா தொழில் என்று உள்ளூரக் குமைந்தேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகன், இன்னாரின் மைத்துனர், தகனம் எங்கே, எத்தனை மணிக்கு. நாளுக்கு நாள் இதுவே.

ஒரு நாள் மகன் ஒருவரின் பெயர் விடுபட்டுப்போயிற்று. பிழை என்னுடையது. மறுநாள் அந்த மகனே அலுவலகத்துக்கு வந்தார். கோபிக்கவில்லை. “ஐயா, நான் அவருக்கு மகன் இல்லையோ?” என்று மட்டும் கேட்டார். அச்சில் ஒரு பெயருக்கு என்ன எடை என்பதை நான் அன்று அறிந்தேன். பின்னாளில் 1983 ஜூலையின் செய்திகளை எழுத நேர்ந்தபோது, ஒவ்வொரு பெயரையும் இருமுறை விசாரித்தே எழுதினேன். ஆசிரியர் என் கையில் தந்தது மழுங்கிய வேல் என்பது, என் பேரன் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை.

இன்று செய்தியை எழுதித்தர இயந்திரங்கள் வந்துவிட்டன. நாலு குறிப்பைக் கொடுத்தால் நானூறு சொற்கள் வருகின்றன. எழுத்துத் துறைக்கு வரும் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதைக் குறைகூற மாட்டேன். நேரமும் சம்பளமும் அவர்களை நெருக்குகின்றன. ஆயினும் மோதிரத்தைக் கழற்றும் நாளொன்று ஒவ்வொருவருக்கும் வரும். விடுபட்ட மகன் முன்னே வந்து நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியது இயந்திரமன்று.

என் பேரனுக்குத் தமிழ் வாசிப்புத் தடுமாறும். எத்தனையோ நல்ல நூல்களைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் மூடிவைத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், பத்திரிகையின் மரண அறிவித்தல்களை எனக்கு உரக்க வாசிக்கிறான். கண் மங்கிவிட்டது என்பது நான் சொன்ன காரணம். அது முழுப் பொய்யுமன்று. சின்னச் சின்ன வாக்கியங்கள், மீண்டும் மீண்டும் வரும் சொற்கள், ஊர்ப் பெயர்கள்.

சென்ற ஞாயிறு வாசித்துக்கொண்டிருந்தவன் இடையில் நிறுத்தினான். “அப்பப்பா, இதிலை பிள்ளையள் மூண்டு பேர் எண்டு போட்டிருக்கு. ஆனால் ரெண்டு பேரின்ரை பெயர்தான் கிடக்கு” என்றான். பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.