அலுமினியத்தின் தோல்

பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையின் வாசலில், தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார்கள். உள்ளே போக வந்த அக்கா அதில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தார். பிறகுதான் வலது காலை உள்ளே வைத்தார். வெளியே வந்து திரும்பப் போகும்போதும் அதேபோல. கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுகிற பழக்கம் மாதிரி, நினைப்பே இல்லாமல் கை தானாகப் போனது.

நாங்கள் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். அதைத் தாண்டி வரக்கூடாது என்று போர்மேன் அண்ணாச்சி முதலிலேயே சொல்லிவிட்டார். கைப்பேசிகளைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற ஜப்பானிய ஆய்வாளர் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்காட்டி என்னைப் பார்த்தார். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஆய்வகத்தில் மாதிரியைத் தொடும் முன் நாங்கள் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்கிறோம். அதிலிருந்து ஒரு கம்பி தரைக்குப் போகும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தை வடிக்கத்தான் அந்தப் பட்டை. இந்தத் தகடும் அதற்குத்தான்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வேலை ஒரு பல்கலைக்கழக ஸ்பின்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில். ஆய்வாளர் பரிமாற்றத் திட்டத்தில் மூன்று மாதம் எங்களோடு தங்கிய அந்தப் பெண்ணிடம், சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக ஊரில் பேசிக்கொள்வார்கள் என்று ஒருநாள் சொன்னேன். அவ்வளவுதான். ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். ஆடி பதினெட்டுக்கு முந்தைய வாரம் விருதுநகரில் இறங்கி, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு, வேலிக்கருவை. பிறகு கட்டடத்துக்குக் கட்டடம் இடம் விட்டு, காட்டுக்குள் இறைத்துப்போட்ட மாதிரி சின்னச் சின்ன ஓர் அறைக் கட்டடங்கள். எங்கள் ஊரில் யாரும் ஆலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். என் அம்மா சிறுமியாக இருந்தபோது விடியும் முன்னே வருகிற வண்டியில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்.

விருந்தாளியிடம் நான் காட்ட விரும்பியது ஒரே ஒரு பொருளை: அலுமினியப் பொடி.

எங்கள் துறையை ஊரில் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பல்பு எரிவதும் ரேடியோ பாடுவதும் அதை வைத்துத்தான். அதே எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தமாகவும் இருக்கிறது. மேல் நோக்கியது, கீழ் நோக்கியது என்று அதற்கு இரண்டே நிலை. அந்தக் காந்தக் குணத்தைச் சேர்த்து வேலை வாங்குவதுதான் ஸ்பின்ட்ரானிக்ஸ். 1988இல் பிரான்ஸில் ஆல்பெர் ஃபெர்ட், ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க் இருவரும் தனித்தனியே, மெல்லிய காந்த அடுக்குகளின் திசையைத் திருப்பினால் மின்தடை பெரிய அளவில் மாறுவதைக் கண்டார்கள். கணினியின் ஹார்டு டிஸ்க்குகளில் தகவலைப் படிக்கும் முனை அதனால்தான் அவ்வளவு கூர்மையானது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த படியில்தான் அலுமினியம் வருகிறது. இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு சுவரை வைக்க வேண்டும். சுவர் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான் இருக்கலாம். அவ்வளவு மெல்லியதானால் எலக்ட்ரான் சுவரை இடிக்காமலே மறுபக்கம் போய்விடும். இரண்டு காந்தமும் ஒரே திசை பார்த்தால் நிறையப் போகும். எதிரெதிர் பார்த்தால் குறையும். அறை வெப்பத்தில் இதைத் தெளிவாகக் காட்டப் பலரும் பல ஆண்டு முயன்றார்கள். 1995இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜெகதீஷ் மூதேராவின் குழுவும், ஜப்பானில் செண்டாய் நகரின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் மியாசாகியின் குழுவும் காட்டின. மூதேரா நம் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய குழு அளந்த மாற்றம் 11.8 சதவீதம். இரண்டு குழுக்களும் எழுப்பிய சுவர் ஒன்றுதான்: அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு.

அந்த ஆக்சைடு சிவகாசியில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அலுமினியம் காற்றில் பட்ட கணத்தில் தன்மேல் ஒரு தோலைப் போர்த்திக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு நானோமீட்டர் கனம். தலைமுடியின் கனத்தை இருபதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு. உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். பொடியின் ஒவ்வொரு துகளும் இந்தத் தோலுக்குள் அடங்கிக் கிடப்பதால்தான் ஒரு மனிதர் அதைக் கையால் அள்ள முடிகிறது. பூச்சட்டியைப் பற்ற வைக்கும்போது அந்தத் தோல் உடைந்து உள்ளிருக்கும் உலோகம் எரிகிறது. நாம் பார்த்துக் கைதட்டும் வெள்ளை வெளிச்சம் அதுதான்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறவர். மருந்து கலக்குகிறவராக வந்து போர்மேன் ஆனவர். பொறுமையாகக் கேட்டார்.

“தோலுன்னு பேரு எனக்குத் தெரியாது தாயி. ஆனா பொடிக்கு ஏதோ ஒண்ணு காவல் இருக்குன்னு தெரியும். அந்தக் காவலை ஈரம் கெடுக்கும். ஈரம் பட்ட கலவை தானாச் சூடு ஏறும், மூக்குல சுருக்குன்னு ஒரு நெடி வரும். அப்படி வந்தா அங்க நிக்கக் கூடாது.”

சரியாகச் சொன்னார். அலுமினியமும் நைட்ரேட் உப்பும் ஈரத்தோடு சேர்ந்தால் மெல்ல வினைபுரிந்து வெப்பத்தையும் அம்மோனியாவையும் வெளியிடும். மூக்கில் ஏறும் நெடி அம்மோனியா. கொஞ்சம் போரிக் அமிலம் சேர்த்தால் இந்த வினை அடங்கும் என்று வேதியியல் சொல்கிறது. அண்ணாச்சி புத்தகம் பார்க்காமலே நெடியில் அதைப் படித்து வைத்திருந்தார்.

“அப்ப நல்லாக் காஞ்சிருந்தா பயம் இல்லையா அண்ணாச்சி?”

“அதான் இல்ல. காஞ்சா உராய்வு. துணி உரசுனாப் போதும். அதுக்குத்தான் நூல் துணி, அதுக்குத்தான் ரப்பர் விரிப்பு, செம்புத் தகடு எல்லாம். நனைஞ்சாலும் பயம், காஞ்சாலும் பயம். நடுவுல ஒரு சந்து இருக்கு, அதுக்குள்ளதான் நாங்க வேலை பாக்குறோம்.”

அந்தச் சந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று விருந்தாளி என் மூலமாகக் கேட்டார். அண்ணாச்சி பதில் சொல்லாமல் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக நகர்த்திக் காட்டினார். பொடி விரலில் ஒட்டுகிறதா, ஓடுகிறதா, கட்டி தட்டுகிறதா. சல்லடையில் விழும்போது எப்படி விழுகிறது. கலவை வேலை காலையிலேயே முடிந்துவிடும், வெயில் ஏறும் முன். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும்; ராத்திரிக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இதெல்லாம் சட்டத்திலும் இருக்கிறது. விரலுக்குத் தெரிந்தது எந்தச் சட்டத்திலும் இல்லை.

மதியம் பாக்கிங் கூடத்துக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்தார்கள். எங்களுக்கும் புளிச்சோறும் துவையலும் வைத்தார்கள். உங்கள் ஊரில் என்ன வெடி என்று ஒரு பெரியம்மா விருந்தாளியிடம் கேட்டார். அவர் யோசித்து, கைப்பையிலிருந்து மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்துக் கிழித்து முறுக்க ஆரம்பித்தார். செங்கோ ஹனாபி என்று அவர்கள் ஊரில் ஒன்று உண்டு. முறுக்கிய காகிதத்தின் நுனியில் கொஞ்சம் வெடியுப்பு, கந்தகம், கரி. உலோகப் பொடி கிடையாது. பற்றவைத்துத் தலைகீழாகப் பிடித்தால் நுனியில் ஒரு சிவந்த துளி திரண்டு, அதிலிருந்து ஊசி ஊசியாகப் பொறி கிளைக்கும். கை நடுங்கினால் துளி விழுந்துவிடும். சத்தமே வராது.

அவர் முறுக்கிய திரி தளர்ந்துபோனது. பெரியம்மா சிரித்துக்கொண்டே அதை வாங்கி, பிரித்து, ஓர் ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்து, தொடைமேல் வைத்து ஒரே இழுப்பில் உருட்டினார். ஊசி மாதிரி நின்றது. வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றியே கை பழகியவர். விருந்தாளி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு பெரியம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எட்டுத் திரி முறுக்கிப் பழகினார். ஒன்பதாவதைப் பெரியம்மா ஏற்றுக்கொண்டார்.

கல்விப் பரிமாற்றம் என்றால் ஒப்பந்தம், விசா, கருத்தரங்கு என்றுதான் எனக்கும் பழக்கம். இந்த ஊரே ஒரு பரிமாற்றத்தில் பிறந்ததுதான் என்பதை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் மண்ணுக்கு அடுப்பெரிக்க ஒரு வழி அப்படித்தான் வந்தது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசுக்கு லேபிள் அடிக்க அச்சுத்தொழில் என்று ஊர் வளர்ந்தது. 1984இல் தொடங்கிய சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரைப் பிரித்துப் பாருங்கள். மெப்கோ என்பது திருமங்கலத்தில் அலுமினியப் பொடி செய்யும் மெட்டல் பவுடர் கம்பெனி. ஷ்லெங்க் என்பது ஜெர்மனியின் உலோகப் பொடி நிறுவனம். பொடி செய்யக் கற்ற உறவு ஒரு கல்லூரியின் பெயராக நிற்கிறது.

ஆனால் எங்கள் அறைக்கும் அந்த அறைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இருக்காது. என் விரலிலிருந்து ஒரு சின்னப் பொறி பறந்தால் ஒரு மாதிரி கெடும். இரண்டு வார உழைப்பு போகும். அடுத்த வாரம் இன்னொன்று செய்வேன். அதே பொறி அந்த வாசலுக்கு உள்ளே பறந்தால் நான்கு வீடுகளில் விளக்கு அணையும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ காலைகள். செய்தித்தாளில் ஒவ்வொரு முறையும் அதே சொல்: உராய்வு. எந்தப் பொருள், எந்த ஈரப்பதம், எந்த உரசல் என்று அந்த ஒற்றைச் சொல் எதையும் சொல்வதில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதிரி கெட்டால் இதைவிட அதிகமாக எழுதி வைக்கிறோம்.

ஆய்வகங்கள் இந்தப் பக்கம் வராமல் இல்லை. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடுத்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்த பிறகு, நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனமும் காரைக்குடியின் சிக்ரி உள்ளிட்ட ஆய்வகங்களும் புதிய கலவைகளைத் தந்தன. புகைத்துகளைக் குறைந்தது 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது குறிக்கோள். மூலப்பொருளைச் சோதிக்க நீரி சிவகாசியிலேயே ஆய்வகம் திறந்தது. பச்சை உப்பு என்று இங்கே சொல்லும் அந்தப் பேரியம் உப்பைத் தலைமுறையாகக் கையாண்ட விரல்கள் புதிய பொடிகளைப் பழக வேண்டியிருந்தது. “பழைய மருந்து பேசுறது எனக்குக் கேக்கும், புது மருந்து பேச இன்னும் கத்துக்கிட்டு இருக்கேன்” என்றார் அண்ணாச்சி. கலவையின் விகிதம் காகிதத்தில் வந்துவிடும். அதன் குணம் விரலுக்கு வர நாளாகும். அந்த இடைப்பட்ட நாட்களில் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிய கலவை ஒன்று வெளிவரும்போது அதைக் கலக்கப் போகிறவர் சோதனையின் முதல் நாளிலிருந்தே கூட இருக்க வேண்டும். அவர் சொல்வது குறிப்பேட்டில் ஏற வேண்டும். அவருக்கு அதற்கான கூலியும் மரியாதையும் வேண்டும்.

கிளம்பும்போது என் வேலை எப்படிப் போகிறது என்று அண்ணாச்சி கேட்டார். மாதிரிகளில் பாதி கெட்டுப்போகின்றன, காரணம் பிடிபடவில்லை என்றேன்.

“எந்த மாசம் கெடுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“அன்னன்னைக்கு ஈரக்காத்தா, வறக்காத்தான்னு குறிச்சிருக்கியா தாயி?”

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் இரண்டு வருடக் குறிப்பேடுகளை விரித்தேன். வெற்றிடத்தின் அழுத்தம் இருந்தது, வெப்பம் இருந்தது, மின்னோட்டம் இருந்தது. அறையின் ஈரப்பதம் ஒரு பக்கத்திலும் இல்லை. தேதிகளை மட்டும் வைத்துப் பிரித்தோம். ஒரு கூட்டம் ஐப்பசி, கார்த்திகையில் கெட்டிருந்தது. மெல்லிய பூச்சு உரிந்து வந்த மாதிரிகள். இன்னொரு கூட்டம் பங்குனி, சித்திரையில், சுவர் துளைபட்டுப்போனவை. நனைந்தாலும் பயம், காய்ந்தாலும் பயம். விருந்தாளி ஸ்கேலை எடுத்துக் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டார். மேலே என்ன எழுதலாம் என்று கேட்டார். “காற்று” என்று தமிழில் எழுதினேன்.

இரண்டு ஈரப்பதமானிகள் வாங்கினோம். ஒன்று எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறது. மற்றொன்றை அண்ணாச்சிக்கு அனுப்பினேன், ஒரு கோடு போட்ட நோட்டோடு. இப்போது காலை ஆறரைக்கு அவர் வீட்டிலிருந்து போன் வருகிறது. முதலில் விரல் என்ன சொல்லும் என்று ஊகித்துச் சொல்வார். ஆபீஸில் போய் மீட்டரைப் பார்த்து நோட்டில் இரண்டையும் எழுதுவார். பெரும்பாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நிற்காத நாட்களுக்கு அடியில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். அந்த நாட்களைப் பற்றித்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.